முதலில் பார்த்தவள்

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்கு வீட்டுப்பாடம். ‘அதிகாரத்தில் இருப்பவர்களைக் குறிக்கும் பத்துச் சொற்களை எழுதுக.’ நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதிகாரி, தலைவர், மேலாளர், முதலாளி என்று நாலை அவளே எழுதியிருந்தாள். எஜமான், நிர்வாகி என்று நான் இரண்டு கொடுத்தேன். அவள் அப்பா அடுப்படியிலிருந்து, “அம்மான்னு எழுது, ஒண்ணு கூடும்” என்று குரல் கொடுத்தார். நாள் முழுக்கப் பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்தாலும் இவருக்கு வாய் மட்டும் களைப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த சொற்களை அந்த நோட்டில் எழுத முடியாது. எங்கள் சலவைக்கூடத்தில் பெரிய மனிதர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்களே வேறு. மேலாளருக்குக் ‘கறை’. முதலாளிக்குக் ‘கஞ்சி’, அவ்வளவு விறைப்பு. எங்கள் கூடத்துக் கண்காணிப்பாளருக்கு ‘நீராவி’, எப்போதும் இருமிச் சீறிக்கொண்டேதான் வருவார். எல்லாம் நான் வைத்தவை. சலவைக்கூடத்தில் ஒருத்தி ‘கறை, கறை’ என்று கத்தினால் ஆளைச் சொல்கிறாள் என்று யார் நினைப்பார்கள்? மேலாளரே ஒருமுறை நின்று, எந்த விரிப்பில் கறை என்று அக்கறையாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு!

வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது நிர்வாகத்தின் சட்டம். உலர்த்தி இயந்திரத்திலிருந்து அடுத்த துணிச்சுமை வரும்வரை கைக்கு வேலையே இல்லாவிட்டாலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். நாங்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். எங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு, ஒன்றே ஒன்று. முதலில் பார்த்தவள் சொல்ல வேண்டும். கதவோரம் இருப்பவள் சொன்னால் அடுத்தவள் வாங்கி அதற்கடுத்தவளுக்குச் சொல்ல, கறை கூடத்துக்குள் கால் வைப்பதற்குள் எல்லோரும் நின்றிருப்போம்.

இன்று முழுக்கக் கால் விண்விண் என்று தெறித்தது. வாளியில் வெந்நீர் வைத்துக் காலை விட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

டாக்டர் காலைப் பார்த்தார். பின்னங்காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறதாம். “நின்னுக்கிட்டே செய்யற வேலையை விட்டுடுங்க” என்றார், சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்வதுபோல.

கூடத்துக்குத் தாமதமாகப் போனேன். கொக்கு ஒரே ஆளாக விரிப்பின் இரண்டு பக்கத்தையும் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளும் நானும் சேர்ந்து மடிக்கத் தொடங்கியபோது என் மகள் பிறந்திருக்கவில்லை. அவள் நெட்டை, நான் குட்டை. விரிப்பு எப்போதும் என் பக்கம்தான் சரியும். கொக்கு என்று பெயர் வைத்தவளும் நான்தான். உயரத்துக்காக மட்டும் இல்லை, முட்டிவலிக்கு ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டு மற்றதில் நிற்பாள். பதிலுக்கு அவள் எனக்கு வைத்தது ‘மிளகு’. “ஆளு இத்துனூண்டு, கடிச்சாத்தான் தெரியும்.” கூடம் முழுக்க அதுவே என் பெயராகிவிட்டது.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துக்கிட்டே விரிப்பு மடிப்போம், உலகத்துலயே முதல் தடவையா” என்றாள்.

மார்ச் 10, திங்கள்

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நீராவி இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போவதில்லை, கூடத்திலிருந்தே ஒருத்தர். “நீங்கதான்னு நினைச்சிருக்கேன். நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க.”

கண்காணிப்பாளர் என்ற பெயரும் இனி கிடையாதாம். அது பழைய பெயராம். ‘குழு வழிகாட்டி.’ அவர் அதைச் சொன்ன விதத்தில் அவருக்கே அது பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. வேலை என்னவோ அதேதான்: பார்ப்பது, எண்ணுவது, உட்கார்ந்தால் எழுப்புவது.

ஆனால் ஒரு நாற்காலி உண்டு. அதைத்தான் நான் கேட்டேன். “நாற்காலி உண்டா சார்?” சிரித்தார். “உண்டு, உண்டு.”

வீட்டில் சொன்னதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. துரையம்மா, எசமானி, மகாராணி, பெரிய இடம் என்று ஒவ்வொரு பெயராக விளித்துக்கொண்டு என் பின்னாலேயே திரிந்தார். மகளின் பத்தில் பாதி இங்கேயே கிடைத்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

கொக்குவிடம் சொல்ல நாள் முழுக்கத் தயங்கினேன். கடைசியில் கையில் விரிப்பு இருக்கும்போது சொன்னேன், ஓடிப்போக முடியாதபடி. அவள் இன்னும் இரண்டு மடிப்பு மடித்தாள். அப்புறம், “ஒத்துக்கோ. உன் காலு பொழைக்கும்” என்றாள். “உன் முட்டி?” “நீ இருந்தா என் முட்டியும் பொழைக்கும். நீ எங்களை எழுப்பவா போறே?”

எழுப்ப மாட்டேன். சத்தியமாக.

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் நாள். கழுத்தில் அட்டை, கூடத்துக்கு வெளியே நீராவி இருந்த அறையில் நாற்காலி. உள்ளே போனேன், அடுத்த சுமை வரும்வரை இடைவேளை, எல்லோரும் கூடைமேல். ஒருத்தி எழவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. “எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க” என்றேன். கொக்கு, “உனக்கு எதுக்குடி புதுசா ஒண்ணு? நான் வச்சதே நல்லாத்தானே இருக்கு” என்றாள். அவள் பக்கத்தில் இருந்த கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கொக்குவோடு இப்போது மடிப்பது வேறொருத்தி. விரிப்பு அவள் பக்கம் சரியவில்லை. நல்ல உயரம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேலாளர் என்னோடு கூடத்துக்குள் வந்தார். அவர் பின்னால் வந்தார், நான் முன்னால். என்னைத்தான் முதலில் பார்த்தார்கள், அதனால் யாரும் அசையவில்லை. அவர் தலை தெரிந்ததும் எல்லோரும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். ஒரு கூடை உருண்டு அவர் காலடியில் போய் நின்றது.

வெளியே வந்ததும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “என்னைப் பார்த்து எந்திரிக்கறாங்க. உங்களைப் பார்த்து எந்திரிக்கலை. கூட நின்ன ஆள்தானேங்கற நினைப்பு. ஒண்ணு அவங்க மாறணும், இல்ல அந்த இடத்துக்கு வேற ஆள் வரணும்.”

வேற ஆள். நாற்காலியை அவன் கொண்டுபோய்விடுவான், கூடையையும் எடுத்துவிடுவான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கேட்டுவிட்டேன். “நான் வரும்போது எந்திரிங்கடி. சும்மா பேருக்கு. நான் போனதும் உட்கார்ந்துக்குங்க.” சிரித்தார்கள். அடுத்த முறை நான் போனபோது எல்லோரும் படை வீரர்கள்போல விறைத்து நின்று நெற்றியில் கை வைத்தார்கள். கொக்கு ஒரு காலில். நானும் சிரித்தேன்.

மாலையில் மறுபடி போனேன். எழுந்தார்கள். கை வைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. வெறுமே எழுந்து நின்றார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நீராவி தன் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். என்னோடு கூடம் வரை நடந்தார். கொஞ்சம்கூட இருமவில்லை. “உடம்பு இப்ப தேவலையா சார்?” என்றேன். “எனக்கு என்ன? எப்பவும் நல்லாத்தான் இருக்கேன்” என்றார். கதவுக்கு நாலு அடி முன்னால் நின்று, பழக்கம்போல, பெரிதாக ஒரு இருமல் இருமினார். உள்ளே கூடைகள் நகரும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

இத்தனை வருஷமாக அந்த மனிதரை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! அவர்போல் சீறிக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான். எழுந்து நிற்க எங்களுக்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

ஏப்ரல் 16, புதன்

நானும் இருமினேன். நன்றாக வந்தது. கொக்கு, “மருந்து சாப்பிடேண்டி” என்றாள். புரிந்துதான் சொன்னாள். கண் சிரித்தது.

ஏப்ரல் 21, திங்கள்

நான்கு நாள்தான் இருமினேன்.

இன்று போனால் கூடத்தின் கோடியில், படி வைத்து உயர்த்திய மேடைமேல், ஒரு கண்ணாடி அறை. விடுமுறை நாளில் வைத்திருக்கிறார்கள். உள்ளே மேசை, நாற்காலி. நாற்காலிக்குச் சக்கரம் உண்டு, முதுகு உண்டு, கை வைக்க இடம் உண்டு. இனி நான் வெளியே எங்கும் போய் வரவேண்டாம், அங்கேயே உட்கார்ந்துகொண்டு கூடத்தைப் பார்த்தால் போதும். “கால் வலின்னு சொன்னீங்களே” என்றார் மேலாளர். எனக்காகச் செய்ததாக நினைக்கிறார். ஒருவேளை உண்மையாகவே எனக்காகத்தான் செய்தாரோ?

அங்கேயே இருப்பவள் எப்படி இருமிக்கொண்டு வருவது?

நாள் முழுக்க அவர்கள் நின்றார்கள். நாள் முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன், மேடைமேல், கண்காட்சிப் பொம்மைபோல. கொக்கு காலை மாற்றி மாற்றி நின்றாள். ஒருமுறை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

ஏப்ரல் 23, புதன்

ஒரு வழி கண்டுபிடித்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். கண்ணாடி அறையின் பின்பக்கம் ஒரு ஜன்னல், முற்றத்தைப் பார்த்து. கணக்கு எழுதும் மேசையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். கூடத்துக்கு இப்போது என் முதுகுதான். சுமை நின்ற நேரத்தில் கூடைகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

மாலையில் கொக்கு போகிற போக்கில் கண்ணாடியை ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனாள்.

மே 2, வெள்ளி

ஒன்று உறுத்துகிறது. இன்று மேலாளர் முன்வாசல் வழியாக வந்தார். யாரும் ‘கறை’ என்று சொல்லவில்லை. எனக்குப் பாம்புக்காது, சொல்லியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் அவர் உள்ளே வந்தபோது எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

மாற்றிவிட்டார்கள். பழைய பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியுமல்லவா? அதனால் மாற்றிவிட்டார்கள். புதிதாக ஏதோ ஒரு சொல் இருக்கிறது, என் காதுக்கு எட்டாமல் ஓடுகிறது.

இவ்வளவு பெயர் வைத்தவளுக்கு ஒரு பெயரைச் சொல்லவில்லையே! கொக்குவிடம் கேட்கலாமா? கேட்டால் சொல்ல வேண்டிய இக்கட்டில் அவளை நிறுத்துவேன். கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மகள்மேல் எரிந்து விழுந்தேன். “மகாராணிக்கு இன்னிக்குக் கோபம்” என்று இவர் ஆரம்பித்தார். “அந்தப் பேரைச் சொல்லாதீங்க!” என்று கத்தினேன்.

மே 13, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் நாளைக்கு வேறு மாதிரி நடந்ததாக நானே நம்பிவிடுவேன்.

சுமை நின்றிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். முற்றத்தில் மேலாளர் வருவதைப் பார்த்தேன், கூட இன்னொருவர், முதலாளி. பின்வாசலை நோக்கி வந்தார்கள். அந்த வாசலை யாரும் பயன்படுத்துவதே இல்லை, அங்கே பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

நான்தான் முதலில் பார்த்தேன்.

முதலாளி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். உடையைச் சரிசெய்துகொண்டேன். கழுத்தட்டையை நேராக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். என் பின்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் திரும்பவில்லை. ஒரு சத்தம் எழுப்பவில்லை. முற்றத்தைப் பார்த்துச் சிரித்தேன்கூட. ஐயோ, சிரிச்சேன். பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

பின்வாசல் திறந்தது. கையும் களவுமாக. மற்றவர்கள் துள்ளி எழுந்துவிட்டார்கள். கொக்குவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். கூடம் முழுக்க நிற்க அவள் ஒருத்தி மட்டும் முதலாளி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மேலாளர் என்னைக் கீழே கூப்பிட்டார். “இவங்க உட்கார்றதுக்கு நீங்க அனுமதி கொடுத்தீங்களா?”

வாயைத் திறந்தேன். அதற்குள் கொக்கு சொன்னாள், “இல்ல சார். அவங்களுக்குத் தெரியாது. அவங்க அந்தப் பக்கம் திரும்பி கணக்கு எழுதிக்கிட்டிருந்தாங்க. நான்தான் எல்லாரையும் உட்காரச் சொன்னேன்.”

‘அவங்க’ என்று சொன்னாள். என்னை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மே 14, புதன்

கொக்குவை நிறுத்திவிட்டார்கள். முதலாளி பார்த்துவிட்டதால் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார் மேலாளர். அவருக்கும் ஒரு மேலிடம்.

கூடைகளையும் எடுத்துவிட்டார்கள். இனி சக்கரம் வைத்த வண்டிகள்தான். அவற்றின்மேல் உட்கார முடியாது.

மே 15, வியாழன்

யாரும் என்னிடம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது. “சரிங்க மேடம்.” “ஆச்சுங்க மேடம்.” மரியாதைக்குக் குறைவே இல்லை.

மே 18, ஞாயிறு

கொக்கு வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். எப்போதும் “வா தங்கச்சி” என்பவர். “வாங்க மேடம்” என்றார். கேலி இல்லை. நிஜமாகவே வழிவிட்டு ஒதுங்கி நின்றார். முகத்தில் அறைந்திருக்கலாம்.

அவள் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தாள். “பாரு, இப்ப எவ்வளவு நல்லா உட்கார்ந்திருக்கேன்” என்றாள். சிரிக்க முயன்றேன், வரவில்லை.

“நான் பார்த்தேன்” என்றேன். “ஜன்னல் வழியா. அவங்க வர்றதைப் பார்த்தேன்.”

“தெரியும். நீ எழுந்து நின்னியே, உன் முதுகு தெரிஞ்சுது. இவ ஏன் எழுந்திருக்கான்னு நினைச்சேன். நீ திரும்புவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதான் எனக்கு எந்திரிக்க நேரமாயிடுச்சு.”

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னேன்: “என்னன்னு சொல்லிக் கத்துவேன்? பேரெல்லாம் மாத்திட்டீங்க. எனக்குத்தான் சொல்லலையே.”

கொக்கு முட்டிக்கு அடியிலிருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தாள். “என்னைக் கூப்பிட்டிருக்கலாமே” என்றாள். “கொக்குன்னு. அது மாறலையே.”

அவள் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் குடித்தேன்.

மே 19, திங்கள்

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். உட்கார விட்டது நான்தான், நாற்காலியைத் திருப்பிப் போட்டதே அதற்காகத்தான், அவள் சொன்னது பொய், என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். களைப்பாகத்தான் இருந்தார். “இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரு எச்சரிக்கையோட முடிச்சிருப்பேன். முதலாளிகிட்ட அவங்க பேரு போயாச்சு. இப்ப நீங்க சொல்றதை நான் எங்க கொண்டு போறது?”

“அவளைத் திரும்ப எடுத்துக்குங்க. என் இடத்தை வேணும்னா எடுத்துக்குங்க.”

“உங்க இடத்தை எடுக்கத்தான் போறேன்” என்றார். “அவங்களை எடுக்க முடியாது.”

இரண்டுமே நியாயமாக இருந்தது, அதுதான் கொடுமை. வெளியே வந்து படியில் நின்று மூச்சு வாங்கினேன்.

மே 26, திங்கள்

அட்டையைக் கொடுத்துவிட்டேன். காலுக்கு அறுவை சிகிச்சை, அதற்கு விடுப்பு, அதன் பிறகு வேண்டுமானால் பழையபடி கூடத்தில் இடம். டாக்டரிடம் எந்த வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்று சொல்லவில்லை. இவர் இந்த ஒரு வாரமாக எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. “இந்தாம்மா” என்று மட்டும்.

ஜூன் 12, வியாழன்

கட்டுப் போட்ட காலோடு வீட்டில். மகள் என் காலடியில் உட்கார்ந்து படிக்கிறாள். கொக்குவுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுத்தாள், பேசினாள், காலைப் பற்றிக் கேட்டாள். ஒரு துணிக்கடையில் கல்லாவில் உட்காரும் வேலை கிடைத்திருக்கிறதாம். “சந்தோஷம்டி” என்றேன். “ம்” என்றாள். அவளாக ஒருமுறையும் கூப்பிடவில்லை.

ஜூலை 4, வெள்ளி

திங்கட்கிழமை போக வேண்டும். என்ன சொல்வார்கள், எங்கே நிறுத்துவார்கள்? யாராவது ஒருத்தி வாய்விட்டுத் திட்டினால் நன்றாக இருக்கும்.

ஜூலை 7, திங்கள்

காலுறை இறுக்கிப் போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் புதிய வழிகாட்டி, சின்ன வயது, கூடத்தைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பழைய இடமே கிடைத்தது. எதிரே கொக்கு நின்ற இடத்தில் ஒரு புதியவள், நான் விடுப்பில் இருந்தபோது சேர்ந்தவள். என்னை யாரென்று தெரியாது. வாயாடி. முதல் விரிப்பு மடித்து முடிப்பதற்குள் தன் மாமியார், மச்சினர், பல்வலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் என்னோடு பேசினாள், நன்றியாக இருந்தது.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் புதிய வழிகாட்டி எங்கேயோ வெளியே போனார். மடித்த விரிப்புக் கட்டுகள்மேல் எல்லோரும் கொஞ்சம் சாய்ந்தார்கள். அப்போது கதவுப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

“மிளகு!”

எத்தனை நாள் ஆயிற்று அதைக் கேட்டு! மன்னிச்சிட்டாங்க, அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. “என்னடி?” என்று முகம் முழுக்கச் சிரிப்போடு திரும்பினேன்.

கூப்பிட்டவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்தவளைப் பார்த்து மெதுவாக, “மிளகு.” அவள் அதற்கடுத்தவளிடம், “மிளகு, மிளகு.” ஒவ்வொருத்தியாக நிமிர்ந்து நின்றார்கள். மேலாளர் உள்ளே வந்தார், கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், போய்விட்டார்.

பழையவர்கள் எல்லோரும் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

புதியவள் குனிந்து என் காதருகே சொன்னாள், “பயந்துட்டீங்களா? மேலாளர், முதலாளி, இந்தக் கண்ணாடிக்காரர், மேல இருக்கறவங்க யார் வந்தாலும் இங்க அப்படித்தான் சொல்றது. எல்லாருக்கும் ஒரே பேரு. நீங்க முதல்ல பார்த்தா நீங்க சொல்லணும், சரியா?”

“சரி” என்றேன்.

“ஏன் மிளகுன்னு கேட்டேன். யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.” அடுத்த விரிப்பை எடுத்து ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்தாள். “ஆமா, பேசிக்கிட்டே இருக்கேன், கேக்கவே இல்ல பாருங்க. உங்களை என்னன்னு கூப்பிடறது?”

சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொன்னேன்.